இடக்கரடக்கல்

தகுதி வழக்கு மூவகைப்படும். இடக்கரடக்கல், மங்கலம், குழூஉக்குறி என்பன அவை. நன்னூல் படித்த மாணவர் உறக்கத்திலும் இதனை ஒப்புவிப்பர். அவையிற் சொல்லத்தகாத ஒன்றை மறைத்து வேறொரு சொல்லாற் கூறுதல் இடக்கரடக்கல். மங்கலமல்லாததை மங்கலமாக்கிக் கூறுதல் மங்கலம். செத்தாரைத் துஞ்சினார் என்பது போல. ஒரு கூட்டத்தார் பிறர் அறியாவண்ணம் தமக்குள்ளே வழங்குவது குழூஉக்குறி. பொற்கொல்லர் பொன்னைப் பறி என்பது போல.

இருபத்தேழு ஆண்டுகளாக இந்தப் பாடத்தைக் கற்பித்து வருகின்றேன். இடக்கரடக்கலுக்கு உதாரணம் கூறும் வேளையில் வகுப்பிலே சிரிப்பெழும். சிரிப்பு அடங்கும்வரை நானும் காத்திருப்பேன். அந்தச் சிரிப்பிற்குரிய இலக்கணமே என் உயிருக்கு உலைவைக்கப் பார்த்தது என்பதைச் சில காலத்திற்கு முன்னர்தான் அறிந்தேன். அறிந்ததை அவையிலே சொல்லுதல் தகுமோ தகாதோ என்று நெடுநாள் எண்ணினேன். சொல்லுவதே தகுதி என்று இப்போது துணிந்துவிட்டேன்.

மன்னார்த் தீவிலே தோட்டவெளி என் இருப்பிடம். பனைகளும் மணலும் கடற்காற்றும் உள்ள ஊர். 1544ஆம் ஆண்டின் வேதசாட்சிகளை நினைந்து மக்கள் வந்து வணங்கும் ஊர். இங்கே ஒருவர் தும்மினால் மற்றவர் மருந்து சொல்லுவர். அத்தகைய ஊரில் ஏழு மாதங்கள் ஒரு நோயை நான் ஒருவரும் அறியாமல் வைத்திருந்தேன். காலைக்கடன் கழிக்கும்போது இரத்தம் கண்டது. முதல்நாள் அஞ்சினேன். மறுநாள் அதற்கொரு பெயரிட்டேன். உட்சூடு என்பது அந்தப் பெயர். பின்னர் மூலம் என்று நானே நிச்சயித்துக்கொண்டேன். கருணைக்கிழங்கு உண்டேன், மோர் குடித்தேன், துத்தியிலையை வதக்கி உண்டேன். மனைவி காரணம் கேட்டபோது, கோடை கடுமை என்றேன். அப்போது மாரிகாலம்.

என்னிடம் முன்னர்ப் படித்த பெண்ணொருத்தி எங்கள் பகுதியிற் குடும்பநல உத்தியோகத்தராக இருக்கிறாள். ஒருநாள் வீதியிலே என்னை மறித்தாள்.

“சேர், முகம் வெளிறிப்போய்க் கிடக்குது. மலத்தோடு இரத்தம் போகிறதோ?”

நான் நாற்புறமும் பார்த்தேன். வேலியருகே ஆடு ஒன்றுதான் நின்றது. “பிள்ளை, மெல்லப் பேசு” என்றேன்.

“மெல்லப் பேசினாலும் அதே கேள்விதான் சேர்” என்றாள்.

அவள் என்னிடம் இலக்கணத்தில் நல்ல புள்ளி பெற்றவள். இடக்கரடக்கலை அறியாமற் பேசியவளல்லள். அது எங்கே ஆகாது என்பதையும் அறிந்து பேசியவள். அடுத்த வாரம் வைத்தியரைக் கண்டேன். அவர் கடிதம் தந்து, பெருங்குடலை அகநோக்கியாற் பார்ப்பதற்கு ஒரு போதனா வைத்தியசாலைக்கு அனுப்பினார்.

முறைநாள் வருவதற்குச் சில வாரங்கள் இருந்தன. அச்சம் கொண்டவன் படிக்கத் தொடங்கினால் அச்சம் பாதியாகும். ஆதலால் இந்த நோய்களின் வரலாற்றைத் தேடிப் படித்தேன். முதலிற் கண்ட செய்தி என் தனிமையைப் போக்கியது. நாணம் எனக்கு மாத்திரம் உரியதன்று.

இலண்டன் மாநகரிலே 1835இல் பிரெடெரிக் சாமன் என்னும் சத்திர வைத்தியர், மலக்குடல் நோயுற்ற ஏழைகளுக்கென ஏழு கட்டில்களோடு சிறு மருத்துவமனையொன்றைத் தொடங்கினார். ஒருவரும் பேச விரும்பாத நோய்க்கென்று ஒரு தனியிடம்! அதுவே பின்னர்ச் சென் மார்க்ஸ் எனப் பெயர்பெற்று, இத்துறையைக் கற்க வருவோர்க்குக் கலாசாலை போலாயிற்று. ஆங்கில நாவலாசிரியர் சாள்ஸ் டிக்கின்ஸ் 1841இல் பவுத்திர நோய்க்குச் சத்திர சிகிச்சை பெற்றதும் இந்தச் சாமனின் கையினாலேயே. உணர்விழக்கச் செய்யும் மருந்து வழக்குக்கு வருவதற்கு ஐந்து ஆண்டுகள் முன்னர் அது நிகழ்ந்தது. பேனா பிடித்தோர்க்கும் இந்த நோய் விலக்களிப்பதில்லை என்று கண்டு சிறிது ஆறினேன்.

அகநோக்கியின் வரலாறு இன்னும் சுவையுடையது. 1806இல் பொசினி என்னும் ஜெர்மானிய வைத்தியர் மெழுகுவர்த்தியின் ஒளியைக் குழாய் வழியே உடலுக்குட் செலுத்திப் பார்க்கும் கருவி ஒன்றைச் செய்தார். 1868இல் குஸ்மால் என்பவர், வாள் விழுங்கும் வித்தைக்காரன் ஒருவனைக் கொண்டு நேரான குழாயை இரைப்பை வரையிற் செலுத்திக் காட்டினார். நேரான குழாய்க்கு வாள் விழுங்கியே வேண்டும். ஏனையோர் உடலோ வளைவுடையது. ஒளி வளைந்து செல்லவேண்டும். பஞ்சாப் மாநிலத்து மோகா நகரிற் பிறந்த நரிந்தர் சிங் கபானி, தம் ஆசிரியர் ஹொப்கின்சோடு சேர்ந்து, கண்ணாடி இழைக்கற்றையினூடே உருவத்தை வளைத்துக் கொண்டுசெல்லலாம் என்பதை 1954இல் வெளியிட்டார். அதனைப் படித்த ஹிர்ஷோவிற்ஸ் அமெரிக்காவிலே வளையும் அகநோக்கி ஒன்றை ஆக்கி, 1957இல் முதலில் தாமே விழுங்கிப் பார்த்தார். 1969இல் நியூயோர்க்கில் ஷின்யா, வொல்ஃப் என்னும் இருவர் அகநோக்கியின் வழியே கம்பிக்கண்ணியைச் செலுத்தி, பெருங்குடலில் முளைத்த சதைமுளையை வயிற்றைக் கீறாமலே அகற்றினர்.

சதைமுளையை அகற்றுவதில் என்ன பெருமை என்று கேட்கலாம். பெருங்குடற் புற்றுநோயிற் பெரும்பகுதி இத்தகைய சிறு முளையிலிருந்தே தோன்றுகிறது. முளை புற்றாக மாறுவதற்குப் பெரும்பாலும் பத்தாண்டளவு செல்லும். அதற்குள்ளே கண்டு களைந்தால் வரவிருந்த நோய் வாராமலே போகும். அமெரிக்க நாட்டில் 45 வயதானோர், நோய்க்குறி ஒன்றும் இல்லாவிடினும், இதற்கான சோதனையைத் தொடங்கவேண்டும் என்று 2021இல் அறிவுறுத்தினர். நானோ ஐம்பது கடந்து, குறியும் கண்டு, மோர் குடித்துக்கொண்டிருந்தேன்.

குறித்த நாள் வந்தது. முதல்நாள் குடிக்கத் தந்த மருந்துநீர் குடங்கணக்கிற் குடித்தது போலத் தோன்றியது. அந்த இரவைப் பற்றி இடக்கரடக்கலாகவே கூறுகின்றேன்: நான் உறங்கவில்லை.

காலையிலே என்னிடம் வந்தவர் ஓர் இளம்பெண். என் மகளின் வயதினர். சத்திர சிகிச்சையில் மேற்படிப்புப் படிக்கும் பயிற்சி வைத்தியர் என்று தம்மை அறிமுகம் செய்தார். என் படுக்கையருகே நின்று பேசாமல், முக்காலியை இழுத்துப்போட்டு அமர்ந்து பேசினார்.

“ஐயா, இந்தச் சோதனையை நான் செய்யலாமோ? பெரிய டொக்டர் முழுநேரமும் பக்கத்தில் நிற்பார். நான் பழகிக்கொண்டிருக்கிறேன்; முழுதும் பழகியவள் என்று சொல்லமாட்டேன். உங்களுக்கு விருப்பமில்லையென்றால் அவரே செய்வார். அதனால் உங்களுக்கு ஒரு குறையும் வராது.”

எனக்குச் சினம் வந்தது. நாணமும் வந்தது. என் உடம்பில் ஏடு தொடக்குவதா? மறுப்பதற்கு வாயெடுத்தேன். அப்போது, நான் எண்ணாமலே, ஒரு சிறுவன் என் நினைவில் வந்தான்.

நான் ஆசிரியனாகிய முதலாண்டு. அந்தச் சிறுவனுக்குத் திக்குவாய். செய்யுளை ஒப்புவிக்கச் சொன்னேன். அவன் திக்கினான். திருத்துவதாக எண்ணி வகுப்பின் முன்னே மீண்டும் மீண்டும் சொல்லச் செய்தேன். மூன்றாம் வாரம் அவன் பாடசாலைக்கு வரவில்லை. பின்னர் வரவேயில்லை. திக்குவாய்ப் பிள்ளையை எவ்வாறு கற்பிப்பது என்பதை அதன்பின்பே அறிந்தேன். என் பின்னாள் மாணவர் பலர் அந்த அறிவினாற் பயன்பெற்றனர். அவன் பெறவில்லை. நான் தொழில் பழகியது அவன்மேல். அவனிடம் ஒருவரும் சம்மதம் கேட்கவில்லை. என் பக்கத்தில் மூத்த ஆசிரியர் ஒருவரும் நிற்கவில்லை.

இந்தப் பெண் கேட்கிறார். இவர் பக்கத்தில் ஒருவர் நிற்கிறார்.

“செய்யுங்கள் பிள்ளை” என்றேன்.

இடப்பக்கம் சரிந்து கிடந்தேன். சிறிதளவு மயக்கமருந்தே தந்தனர். அரைநினைவோடு திரையையும் பார்த்தேன். பெருங்குடல் ஏறத்தாழ ஐந்தடி நீளமுள்ளது. அதன் தொடக்கத்திலுள்ள வளைவு பாம்பின் சுருள் போன்றது. அகநோக்கியை முன்னே தள்ளத் தள்ளக் குடல் சுருண்டு சுருண்டு வளையமிடும், கருவி முன்னேறாது, நோயாளிக்கு வலிக்கும். எனக்கும் வலித்தது. ஆசிரியர் கையை நீட்டிக் கருவியை வாங்கவில்லை. “தள்ளாதே பிள்ளை. பின்னுக்கு எடு. நேராக்கு. பிறகு போ” என்றார். அவர் பின்னுக்கு எடுத்தார். வலி தணிந்தது. பாதை திறந்தது.

அரைமயக்கத்திலும் நான் அந்த ஆசிரியரின் கைகளையே பார்த்தேன். இரு கைகளையும் முதுகின் பின்னே கட்டியிருந்தார். மாணவன் தடுமாறும்போது சுண்ணக்கட்டியைப் பறித்துத் தாமே எழுதிக்காட்டுவது எளிது. பறியாமல் நிற்பது அரிது. எப்போது பறியாதிருத்தல், எப்போது வாங்கிக்கொள்ளுதல் என்னும் அளவறிந்தவனே ஆசிரியன். சிறிது நேரத்தில் அதன் மறுபக்கத்தையும் கண்டேன்.

கருவி குருட்டுக்குடல்வரை சென்று குடல்வளரியின் வாயைக் கண்டபின் திரும்பத் தொடங்கியது. பயணம் முடிந்தது என்று நான் எண்ணினேன். “இனித்தான் பார்க்கவேண்டும். மெல்ல வா” என்றார் ஆசிரியர். போகும்போது வழி தேடுவர். வரும்போதே பொருள் தேடுவர். இந்த மெதுவான வரவின் மதிப்பை 2006இல் அமெரிக்காவிலே வெளிவந்த ஓர் ஆய்வு அளந்து கூறிற்று. பன்னிரு வைத்தியர்களை நோக்கினர். திரும்பி வருவதற்குச் சராசரி 6 நிமிடமேனும் எடுத்துக்கொண்டவர்கள் 100 பேரைப் பார்த்தால் ஏறத்தாழ 28 பேரிடம் முளைகளைக் கண்டனர். விரைந்தவர்கள் 12 பேரிடமே கண்டனர். செய்யுளை ஓடிப் படிப்பவனுக்கும் நின்று படிப்பவனுக்கும் உள்ள வேறுபாடே அது. ஆனால் இங்கே கண்ணில் தப்புவது நயமன்று; ஓர் உயிர்.

ஒரு மடிப்பின் பின்னே அவர் நின்றார். “சேர், இங்கே ஒன்று இருக்கிறது” என்றார். மடிப்போடு ஒட்டித் தட்டையாக, என் கண்ணுக்குச் சிறு காளான் போலத் தெரிந்தது. இப்போது ஆசிரியர் கையை நீட்டினார். “இதை நான் எடுக்கிறேன். நீ பார்த்துக்கொண்டு நில்.” ஒரு சொல்லும் இன்றிக் கருவி கைமாறியது. இதுவே நான் குறித்த மறுபக்கம். தட்டையான முளையை அகற்றுகையில் குடற்சுவரிலே துளை விழவும் கூடும், அங்கே பழகுவோர்க்கு இடமில்லை, பார்ப்போர்க்கே இடமுண்டு.

அவர்கள் இருவரும் பேசிக்கொண்டவை எனக்கு விளங்கவில்லை. ஆங்கிலமும் இலத்தீனும் எண்களும் கலந்த பேச்சு. குழூஉக்குறி! பொற்கொல்லர் வீட்டிற் பொன்னை விற்க வந்தவன்போலக் கிடந்தேன். ஆனால் மாலையிலே அந்தப் பெண் மீண்டும் வந்து, முக்காலியை இழுத்துப் போட்டார். “ஐயா, பெருங்குடலில் ஒரு முளை இருந்தது. இரத்தம் வந்தது அதிலிருந்துதான். முழுதாக எடுத்துவிட்டோம். அது புற்றோ இல்லையோ என்று சோதனைக்கு அனுப்பியிருக்கிறோம். இல்லையென்றே நினைக்கிறோம், ஆனால் முடிவு வருமுன் நிச்சயமாகச் சொல்லமாட்டேன்.” ஒரு வடசொல்லும் இல்லை என்று சொல்லமாட்டேன்; விளங்காத சொல் ஒன்றும் இல்லை.

அடுத்த கட்டிலிலே ஒரு முதியவர் இருந்தார். அவருக்கு மலக்குடலிற் புற்றுநோய். அவருடைய மக்கள் அதனைக் கட்டி என்றனர், புண் என்றனர், அப்பாவுக்குச் சொல்லவேண்டாம் என்று வைத்தியரையும் இரந்தனர். இதுதான் மங்கலம். அன்பினாற் பிறந்ததே, ஆயினும் அந்த முதியவர் எல்லாம் அறிந்து, தாமும் மக்களிடம் அறியாதவர் போல நடித்துக்கொண்டிருந்தார். இரவிலே என்னிடம், “மாஸ்டர், இவர்கள் அழுவார்கள் என்று நான் கேட்பதில்லை” என்றார். மறுநாள் அதே பயிற்சி வைத்தியர் மக்களையும் தந்தையையும் ஒன்றாக இருத்தி, முதலில் ஒரு கேள்வி கேட்டார்: “ஐயா, உங்கள் வருத்தத்தைப் பற்றி எவ்வளவு அறிய விரும்புகிறீர்கள்?” முதியவர், “எல்லாம்” என்றார். பின்னர் நோயின் பெயர், செய்யப்போகும் சிகிச்சை, வயிற்றிலே பை பொருத்தவேண்டி வரலாம் என்பது யாவும் சொல்லப்பட்டன. மக்கள் அழுதனர். முதியவர் அழவில்லை. பையை எந்த இடத்தில் வைத்தால் சாரம் கட்ட இடைஞ்சலாகாது என்று கேட்டார். அந்தப் பெண் அவரை இருக்கச் செய்தும் நிற்கச் செய்தும் குனியச் செய்தும் பார்த்து, வயிற்றில் மையினால் ஓர் இடத்தைக் குறித்தார். சத்திர வைத்தியம் கத்தி எடுக்குமுன்னரே தொடங்கிவிடுகிறது.

இவ்வாறு ஒருவரைப் பழக்குவதற்கு எத்தனை ஆண்டுகள்! நம் நாட்டில் வைத்தியப் பட்டமும் ஓராண்டு உள்ளகப் பயிற்சியும் முடித்தபின், 1980இல் அமைந்த கொழும்புப் பல்கலைக்கழகப் பட்டப்பின் மருத்துவ நிறுவனத்திற் சேர்ந்து, பல ஆண்டுகள் பழகி, பிறநாட்டிலும் ஒரு காலம் பயின்ற பின்னரே நிபுணராகலாம். பிரித்தானியாவிலே பெருங்குடல் அகநோக்கியைத் தனியே கையாள இசைவு பெறுவதற்குக் குறித்த எண்ணிக்கைக்குக் குறையாத சோதனைகளை மேற்பார்வையிற் செய்திருக்கவேண்டும். நோயாளியிடம் வருமுன் பொறிப்பாவைகளிலும் பழகுவர். இது புதுமையன்று. கத்தி பிடிக்கக் கற்பவன் பூசணி, சுரை, வெள்ளரிக் காய்களில் வெட்டியும், நீர் நிறைந்த தோற்பையிற் பிளந்தும், துணியிலே தைத்தும், துணிப்பாவையிற் கட்டுக் கட்டியும் பழகிய பின்னரே மனிதவுடலைத் தொடவேண்டும் என்று சுசுருதர் அன்றே விதித்தார். எத்துணை நூல் கற்றவனாயினும் கை பழகாதவன் தொழிலுக்கு ஆகான் என்பது அவர் கருத்து.

பழக்குதலே மருந்தாகும் என்பதற்கு ஒரு சான்று உண்டு. மலக்குடற் புற்றை அகற்றும்போது அதனைச் சூழ்ந்த கொழுப்புறையைச் சிதைக்காமல் முழுதாக எடுக்கவேண்டும் என்று ஹீல்ட் என்னும் ஆங்கிலச் சத்திர வைத்தியர் 1982இல் எழுதினார். எழுதியதோடு அமையாமல் நாடுதோறும் சென்று செய்துகாட்டினார். சுவீடன் நாட்டு ஸ்ரொக்ஹோம் பகுதியில் 1990களிலே அங்குள்ள வைத்தியர்களை ஒன்றுகூட்டி இந்த முறையைக் கற்பித்தனர். முன்னர் 100 நோயாளரில் 14 அல்லது 15 பேருக்கு அதே இடத்தில் மீண்டும் புற்று வந்தது. கற்பித்த பின்னர் 6 பேருக்கே வந்தது. நிலையான பையோடு வாழ நேர்ந்தோர் முன்னர்ப் பாதிக்கு மேற்பட்டோர். பின்னர் 27 பேர். புதிய மருந்து ஒன்றும் இல்லை. கைகள் கற்றுக்கொண்டன, அவ்வளவே.

நாவும் கற்கவேண்டும் என்பதை நம் நாட்டில் முதலில் உணர்ந்தவர்களுள் ஒருவர் அமெரிக்காவிலிருந்து 1847இல் வந்த சாமுவேல் பிஸ்க் கிறீன். கொழும்பு மருத்துவக் கல்லூரி 1870இல் தோன்றுமுன்னரே மானிப்பாயிலிருந்து வைத்தியம் கற்பித்தார். 1860களிலே தமிழிற் கற்பிக்கவும் தொடங்கினார். 1867இல் வெளியான இரண வைத்தியம் என்னும் சத்திர நூலும், 1872இல் வெளியான மனுஷ அங்காதிபாதம் என்னும் உடலமைப்பு நூலும் அந்த முயற்சியின் கனிகள். அவருடைய கலைச்சொற்களிற் பல இன்று வழக்கொழிந்தன. ஆனால் சொல்லாக்கத்துக்கு அப்பாலுள்ள அவருடைய நோக்கம் ஒழியவில்லை: வைத்தியன் தான் அறிந்ததை நோயாளியின் மொழியிலே சொல்ல அறிந்திருக்கவேண்டும். முக்காலியில் அமர்ந்த பயிற்சி வைத்தியரிடம் அதனையே கண்டேன்.

என் சோதனை முடிவு வந்தது. முளை இன்னும் புற்றாகவில்லை. ஆகும் வழியில் இருந்தது. மூன்றாண்டிற்குப் பின் மீண்டும் பார்க்கவேண்டும் என்றனர். அப்போதும் பழகுவோர் ஒருவர் வந்து கேட்பாராயின், மறுமொழி ஆயத்தமாகவே இருக்கிறது.

இப்போதும் தகுதி வழக்கைக் கற்பிக்கின்றேன். மாணவர் சிரிக்கின்றனர். சிரிப்பு அடங்கியபின் ஒரு புறனடை கூறுகின்றேன்: வைத்தியன்முன் அவை இல்லை, அங்கே மூன்றும் ஆகா. நோயாளிக்கு இடக்கரடக்கல் ஆகாது; சுற்றத்தார்க்கு மங்கலம் ஆகாது; வைத்தியனுக்குக் குழூஉக்குறி ஆகாது. இது நன்னூலில் இல்லை. பரீட்சையிலும் வாராது.

சென்ற மாதம் ஓர் இரவு, கடற்றொழில் செய்யும் அயலவர் ஒருவர் படலையைத் திறந்துகொண்டு வந்தார். இருக்கச் சொன்னேன், நின்றார். மீன்பாடு பற்றிச் சொன்னார். காற்றுப் பற்றிச் சொன்னார். போகத் திரும்பியவர் மீண்டும் நின்று, “மாஸ்டர், கொஞ்ச நாளாய் உட்சூடு” என்றார்.

நான் விளக்கைச் சிறிது தணித்தேன்.

“தம்பி, மலத்தோடு இரத்தம் போகிறதோ?”

அவர் நிலத்தைப் பார்த்தார். பின்பு, “ஓம்” என்றார்.

காலையில் முதல் பேருந்துக்கு இருவரும் சென்றோம்.